அறுவையும் அறுவையும்

உங்கள் பதில்களும் அறுவை, சர்ஜன்கள் செய்வதும் அறுவை. என்ன வித்தியாசம் சார்? – ஒரு வாசகர், கும்பகோணம்

அவர்கள் மயக்க மருந்து கொடுக்கிறார்கள்!

அறுக்காமலே பேர் வாங்கிய சர்ஜனும் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோவைச் சேர்ந்த ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா என்ற பெண்மணி. மலக்குடல் புற்றுநோய்க்கு முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார். கட்டி அடையாளமே தெரியாமல் கரைந்துபோனவர்களிடம் கத்தியை எடுக்கவில்லை. அடிக்கடி வரவழைத்து விரலாலும் எண்டோஸ்கோப்பாலும் சோதித்தபடி இருந்தார். 2004-இல் முடிவுகளை வெளியிட்டபோது சக சர்ஜன்கள் பலர் நம்பவில்லை. (பிழைப்பில் மண் விழுகிறதே என்ற கவலையோ?) இன்று பல நாடுகளில் இது நடைமுறை. வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை மாட்டிக்கொள்ளாமல் பலர் தப்பியிருக்கிறார்கள்.

ஆனால், சிலருக்குக் கட்டி திரும்ப முளைக்கும். அப்போது கத்திதான், அதுவும் தாமதிக்காமல்.