ரூம் பெரியப்பா

மைசூருக்குக் கிளம்புகிற எந்தக் குடும்பத்திலும் அவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, ஜூ, பிருந்தாவனம் என்று விரல் மடக்கிக்கொண்டிருக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அதெல்லாம் சரி, தங்கறது எங்க?" என்பார். பெரும்பாலும் பெரியப்பாவாக இருப்பார். சில வீடுகளில் மாமா, சில வீடுகளில் வங்கியில் ஓய்வு பெற்ற சித்தி. உறவு எதுவானாலும் உத்தியோகம் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் டூர், அவருக்கு ரூம்.

நான் சொல்ல வந்தது தஞ்சாவூர்ப் பெரியப்பாவை. கிருஷ்ணராஜசாகர் அணையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவர். அது நிரம்பினால் 124.80 அடி, மேட்டூர் நிரம்பினால் 120 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த அணையின் காலடியில்தான் பிருந்தாவனத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே தங்கவும் இடம் உண்டு என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வினை அன்று தொடங்கியது.

விஷயம் நிஜமாகவே சிக்கலானது, அவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. பிருந்தாவனம் மைசூர் நகரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மாவட்டமே வேறு, மண்டியா. திவான் மிர்சா இஸ்மாயில் ஆசைப்பட்டு உருவாக்கிய தோட்டம். வேலை முடிந்தது 1932-ல். பகலில் போனால் புல்லும் பூவும் படிக்கட்டும்தான். இருட்டின பிறகுதான் அதற்கு உயிர் வரும். விளக்குகள் எரிய, பாட்டுக்கு நீரூற்று ஆடும். ஆட்டம் முடிந்த நிமிஷமே மொத்தக் கூட்டமும் வாசலைப் பார்த்து நடக்கும். வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு மைசூர்ச் சாலையில் ஊரும். அந்த நேரத்தில் தோட்டத்துக்குள்ளேயே அறை எடுத்தவர்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படுக்கப் போவார்கள். பழைய கிருஷ்ணராஜசாகர் ஓட்டல் அங்கே இருக்கிறது, இப்போது ராயல் ஆர்க்கிட் பெயரில் நடக்கிறது. கர்நாடகச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா காவேரியும் இருக்கிறது. மற்ற உலகமெல்லாம் மைசூர் டவுனில், காந்தி சதுக்கம், தன்வந்திரி சாலைப் பக்கத்து லாட்ஜுகளில்.

உள்ளேயா, வெளியேயா?

நீள நோட்டு ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே 'உள்ளே', அடுத்த பக்கம் 'வெளியே'. ஒரு வாரம் அவர் உள்ளே கட்சி. "ராத்திரி எட்டு மணிக்கு எட்டுப் பேரையும் வண்டியில அடைச்சு டிராஃபிக்ல நிக்கணுமா? உள்ளயே ரூம் இருந்தா பாட்டு முடியறப்ப நாம பாயில இருப்போம்." ஸ்ரீரங்கப்பட்டணமும் ரங்கனதிட்டு பறவைகளும் அங்கிருந்து பக்கம் என்பது கூடுதல் ஆயுதம். ஸ்ரீரங்கம்தான் அந்திய ரங்கம், இதுதான் ஆதி ரங்கம் என்று பெரியம்மாவைச் சரிக்கட்டவும் அவரிடம் வசனம் இருந்தது.

தம்பி, "அப்ப உள்ளயே போட்டுடலாம்ணே" என்றதும் அவர் வெளியே கட்சிக்குத் தாவினார். யாராவது ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த யோசனையில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. "அரண்மனை டவுன்ல, ஜூ டவுன்ல, மலை டவுன்ல. மைலாரி தோசை டவுன்ல. தூங்கறதுக்கு மட்டும் இருபது கிலோமீட்டரா? வாடகை குடுக்கறது தூங்கறதுக்கா, முழிச்சிருக்கறதுக்கா?" இந்தக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அவரிடமும் இல்லை. ஆனாலும் அறையில் எட்டுப் பேரும் விழித்திருக்கப்போகிற மணி நேரத்தைக் கூட்டி, வாடகையை அதால் வகுத்து, நோட்டில் எழுதி வைத்தார்.

மைசூர் எக்ஸ்பிரஸ் இன்னொரு முள். தஞ்சாவூரில் சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் மைசூரில் இறக்கிவிடும். பெரிய ஓட்டல்களில் பகல் பன்னிரண்டுக்கு மேல்தான் அறை. அதுவரைக்கும் பல் தேய்க்காத எட்டுப் பேரை எங்கே வைப்பது? டவுனில் 24 மணி நேரக் கணக்கு லாட்ஜுகள் உண்டு, காலை ஏழுக்கு நுழைந்தால் மறுநாள் ஏழு வரை நம்முடையது. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் மூன்று ஊர்களில் இருந்த சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர்களில் யாரும் மைசூர் போவதாக இல்லை.

நடுவில் இளசுகள் ஒரு குட்டையைக் குழப்பின. பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் பிடதியில் வொண்டர்லா இருக்கிறது, 2005-லிருந்து. அங்கே வளாகத்துக்குள்ளேயே ரிசார்ட்டும் கட்டிவிட்டார்கள். "அங்க தங்கிட்டா காலைல கேட் திறந்ததும் முதல் ஆளா உள்ள போயிடலாம் பெரியப்பா." ராட்டினம் என்ற சொல்லுக்கே தலை சுற்றுகிறவர் அவர். ஆனால் அதை நடத்துகிறவர்கள் வி-கார்டு ஸ்டெபிலைசர் வீட்டார் என்று கேள்விப்பட்டதும் முகம் மாறியது. வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அந்த ஸ்டெபிலைசர் எத்தனையோ வருஷமாக முனகிக்கொண்டிருக்கிறது. "அவங்க கட்டினதா? அப்ப கரண்ட்டு பத்திக் கவலையில்ல" என்று மூன்றாவது பக்கம் திறந்தார். மைசூர் கைவிட்டுப் போய்விடுமோ என்று பெரியம்மா கலங்க, கடைசியில் மைசூரிலிருந்து பிருந்தாவனம் போகிற வழியிலேயே, கேஆர்எஸ் சாலையில், ஜிஆர்எஸ் ஃபேன்டஸி பார்க் இருப்பதைக் காட்டி இளசுகளை அமர்த்தினார்கள். அங்கே ஒரு பகல், அப்படியே நேராகப் போனால் சாயங்காலம் பிருந்தாவனம். பெரியப்பாவுக்கும் திருப்தி, ஏனென்றால் முதல் கேள்வி அப்படியே உயிரோடிருந்தது.

அமெரிக்காவில் இருக்கிற தம்பி மகனிடமும் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை டிஸ்னிக்கு அழைத்துப்போய்ப் பழுத்தவன். "இங்கயும் இதே சண்டைதான் பெரியப்பா. உள்ள தங்கினா காசு ஜாஸ்தி, வெளிய தங்கினா நேரம் ஜாஸ்தி" என்று ஆரம்பித்து, டிஸ்னி கதையையே சொன்னான். 1955-ல் கலிஃபோர்னியாவில் பார்க் திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் ஓட்டல் கட்டப் பணம் மிச்சமில்லை. பக்கத்தில் இன்னொருத்தரைக் கட்டச் சொன்னார். சுற்றிலும் மோட்டல்கள் முளைத்து, அவர் இழுத்து வந்த கூட்டத்தில் வேறு யார் யாரோ சம்பாதித்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில் அடுத்த பார்க்குக்கு ஃபுளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டார்கள். 1971-ல் திறந்தபோது உள்ளேயே ஓட்டல்கள் தயார்.

பெரியப்பா வாயசைத்துக் கணக்குப் போட்டார். "நாலாயிரம் வேலிக்கு மேல வருதேடா!"

"ஆமா பெரியப்பா."

"பிருந்தாவனம் அறுபது ஏக்கர், ஒம்பது வேலிதான். ஒம்பது வேலிக்கு உள்ள என்ன, வெளிய என்ன? நடந்துடலாமே." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "வெள்ளைக்காரன் ராட்டினம் விக்கலடா. ரூம் விக்கறான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இன்னொரு மனிதரைப் பற்றி மரியாதையாக வந்த சொல் அது ஒன்றுதான் என்பது பெரியம்மாவின் சாட்சியம்.

பிறகு ஒரு நாள் தானே ஒரு கண்டுபிடிப்பும் செய்தார். மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பும் ஒன்றாக எரிவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும், மாலை ஏழு மணி வாக்கில். பிருந்தாவன நீரூற்று ஆடுவதும் அதே ராத்திரி நேரம். இரண்டுக்கும் நடுவில் 20 கிலோமீட்டர். ஆக ஞாயிறு ராத்திரி டவுனில் இருக்க வேண்டும், திங்கள் ராத்திரி தோட்டத்தில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஜூவுக்கு விடுமுறை, அதனால் திங்களுக்குள் அதையும் முடிக்க வேண்டும். முதல் நாள் வெளியே, இரண்டாம் நாள் உள்ளே! இரண்டு கட்சியும் ஜெயித்தது. அவர் இரவு ஒரு மணிக்குப் பெரியம்மாவை எழுப்பிச் சொன்னார்.

"ரெண்டு தடவை மூட்டை கட்டணும், ரெண்டு தடவை பிரிக்கணும். யாரு கட்டுவா?" என்று கேட்டுவிட்டு பெரியம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு மாத ஆராய்ச்சி அந்த இடத்தில் முடிந்தது. டவுன்தான்.

ஆனால் அவருடைய டூரின் உச்சக்கட்டம் இனிமேல்தான். தன்வந்திரி சாலை லாட்ஜ் ஒன்றில், மற்றவர்கள் கீழே சோபாவில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, ரூம்பாயோடு மாடி ஏறினார். கதவைத் திறந்ததும் உள்ளே போகவில்லை, வாசலில் நின்று மூச்சை இழுத்தார். பினாயில் வாசனை வந்தால் நல்லது, பினாயிலும் ஊதுவத்தியும் சேர்ந்து வந்தால் எதையோ மறைக்கிறார்கள். பிறகு மின்விசிறியை ஐந்தில் வைத்து அண்ணாந்து பார்த்தார். தலையணை உறையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார், பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு அவர் வருந்தவில்லை, "வெயில் வராது" என்றார். குளியலறையில் வாளியைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்து விரிசல் பார்த்தார். குழாயைத் திறந்து விரலைக் கீழே நீட்டிக்கொண்டு, சுடச்சுட வரும்வரை மனசுக்குள் எண்ணினார்.

மைசூரில் கன்னடத்தில் பேசினால் வாடகை குறையும் என்று அவருக்கு ஓர் எண்ணம். "பிசி நீரு எஷ்டு கண்டெவரெகு?" என்றார், ரயிலில் பழகிக்கொண்டு வந்தது.

"காலைல ஆறுலேர்ந்து ஒம்பது வரைக்கும் சார்" என்றான் பையன். "நான் கிருஷ்ணகிரி."

"ஒம்பது மணிக்கு மேல?"

"பச்சைத் தண்ணி சார்."

"எட்டுப் பேரு தம்பி. ஆளுக்கு இருபது நிமிஷம் வச்சாக்கூட..." அடுத்த அறைக்கு நடந்தார். அது லிஃப்ட்டுக்குப் பக்கம், சத்தம். அதற்கடுத்தது லிஃப்ட்டுக்குத் தூரம், பெரியம்மாவுக்கு முழங்கால். நாலு அறை பார்த்து முதல் அறைக்கே திரும்பி வந்து, புதிதாகப் பார்ப்பவர்போல் மறுபடி மூச்சை இழுத்தார். கீழே கவுன்டரில் எக்ஸ்ட்ரா பெட் பேச்சு நடக்கும்போது கடைசிப் பேரனின் வயது ஏழாகிவிட்டது. "எனக்குப் பத்து தாத்தா" என்று அவன் உரக்கத் திருத்தினான். மைசூரில் அவன் பேச்சுக்கு யாரும் காது கொடுத்தது அத்தோடு சரி.

ஜிஆர்எஸ் பார்க்கில் மற்றவர்கள் அலைக்குளத்தில் விழுந்து கத்திக்கொண்டிருந்தபோது அவர் பைகளுக்குக் காவல். இப்படிக் காவலிருப்பவர்கள் எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவிலும் நிழலாகப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஈரத் துண்டு, கையில் நாலு பேருடைய செல்போன், நாலு கண்ணாடி. ஒருவருக்கொருவர் பெயர் கேட்க மாட்டார்கள். "நீங்க எங்க தங்கியிருக்கீங்க?" என்றுதான் தொடங்குவார்கள். சாயங்காலம் பிள்ளைகள் கண் சிவந்து திரும்பியபோது பெரியப்பாவிடம் ஹூப்ளி, கோழிக்கோடு, சேலம் குடும்பங்களின் லாட்ஜ் வாடகை விவரம் முழுசாக இருந்தது.

அப்புறம் பிருந்தாவனம். இருட்டு கவிந்து, தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் எழும்பி இடுப்பை ஒடித்து ஆடியது. கூட்டம் ஓவென்றது. "குறுவைக்கு விட வேண்டிய தண்ணி" என்று தஞ்சாவூர்க்காரர் ஒரு வார்த்தை சொன்னார், கடமைக்கு. பிறகு நீரூற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தோட்டத்து மேட்டில் ஓட்டல் ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை அறையில் ஆள் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்.

இரண்டு அடி தள்ளி இன்னொருவரும் நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேட்டி, ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர்.

"தமிழா?" என்றார் பெரியப்பா.

"மதுரை. உள்ளதான் தங்கியிருக்கோம்."

பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "எப்படி இருக்குங்க?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல சார்" என்றார் மதுரைக்காரர், மனசு கேட்காமல். "அதான் கஷ்டம். சுத்தமா இருக்கு, அமைதியா இருக்கு. மருமக இந்தப் பக்கம் வந்து இன்னிக்கு சிரிச்சா. ஆனா எட்டு மணிக்கு மேல எல்லாரும் வண்டி ஏறிப் போயிடறாங்க பாருங்க, நமக்குப் போக இடமில்ல. டவுன்ல இருந்தா நாலு கடை பார்க்கலாம், நாலு லாட்ஜ் விசாரிக்கலாம். நீங்க டவுனா?"

"தன்வந்திரி ரோடு. இருபத்துநாலு மணி நேரக் கணக்கு."

"அடடா." மதுரைக்காரர் இன்னும் ஓரடி நெருங்கினார். "வாடகை?"

சொன்னார். அவரும் தன்னுடையதைச் சொன்னார். இருவரும் சற்று நேரம் பேசவில்லை, தலைக்குள் வகுத்தல் நடந்தது. பின்னால் பாட்டு மாறி, தண்ணீர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி விழுந்து, கடைசி ஆட்டம் முடிந்து கைதட்டலும் ஓய்ந்தது. பேரன் வந்து கையைப் பிடித்து இழுத்தான். வாசலில் டெம்போ டிராவலர் ஹாரன் அடித்தது, இரண்டு முறை.

"ஒரு நிமிஷம்டா" என்று கையை உதறிக்கொண்டார் பெரியப்பா.

மதுரைக்காரர் மஃப்ளரைக் காதிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார்: "அங்க சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வருது?"