பைல் அண்ணை

அடம்பனில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பம் போட நினைக்கிற பிள்ளை முதலில் போவது பிரதேச செயலகத்துக்கு அல்ல, பைல் அண்ணையிடம். அவர் அரச உத்தியோகத்தர் இல்லை, ஆசிரியர் இல்லை. சமாதான நீதவானும் இல்லை. ஆனால் எந்த ஜே.பி. எந்த நேரம் வீட்டில் நிற்பார், எவருடைய இறப்பர் முத்திரையில் மை காய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தொழில் என்று கேட்டால் கமம். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறவர். அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தெரிய வேண்டுமானால் வாக்காளர் இடாப்பைத்தான் புரட்ட வேண்டும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். லுமாலா சைக்கிள், ஹாண்டிலில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் பிளாஸ்டிக் பைல். சேட் பொக்கற்றில் கறுப்புப் பேனை ஒன்று, நீலப் பேனை ஒன்று. “படிவம் நிரப்பக் கறுப்பு, கையெழுத்துக்கு நீலம். ரெண்டும் கறுப்பெண்டால் மூலம் எது, கொப்பி எது எண்டு எவன் கண்டான்?” என்பார். முருங்கனிலும் விடத்தல்தீவிலும் இவருக்குச் சகபாடிகள் உண்டு. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார், தேடிப்பாருங்கள்.

பத்திரிகையிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு விளம்பரம் வந்தால் பெடியள் அதை மேலிருந்து வாசிப்பார்கள். மாதாந்தக் கொடுப்பனவு எவ்வளவு என்ற வரியோடு வாசிப்பு நின்றுவிடும். அண்ணை கீழிருந்து வாசிப்பார். முதலில் முடிவுத் திகதி, பிறகு எந்த முகவரி, பிறகு பதிவுத் தபாலா சாதாரண தபாலா, அதற்குப் பிறகு “கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பாடநெறியின் பெயரைக் குறிப்பிடவும்” என்கிற வரி. அந்த வரியை வாசிக்கும்போது அவர் முகத்தில் வருகிற பயபக்தியை நான் பூசையில்கூடக் கண்டதில்லை. பயிற்சி கராஜிலா கணினியிலா என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அது போகிற பிள்ளையின் தலைவிதி.

பிறகு விசாரணை தொடங்கும்.

“தம்பி, பிறப்பத்தாட்சி இருக்கோ?”

“இருக்கு அண்ணை.”

“மூலமோ, கொப்பியோ?”

“கொப்பியின்ர கொப்பி.”

“எங்க, காட்டு பாப்பம். ம்... இதில பேர் அந்தோனி. பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில அன்ரனி. சாதாரண தரப் பெறுபேற்றில முதலெழுத்தும் மாறிக் கிடக்கு. எடேய், அவங்கள் ஒரு ஆளைத்தான் எடுப்பாங்கள். நீங்கள் மூண்டு பேர் வந்திருக்கிறியள்.”

மூன்று பேரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கும்வரை பெடியனுக்கு விடுதலை இல்லை. அதற்குமேல் ஒருவன் பிறப்பத்தாட்சியை லமினேட் செய்து கொண்டு வந்துவிட்டால் அன்றைக்கு அண்ணை சாப்பிடமாட்டார். தாளைப் பாதுகாக்கத்தானே செய்தோம் என்று பெடியனின் தாய் சொல்லுவார். “பாதுகாத்தது சரி அக்கா. இனி இதில சீல் குத்தேலாது. பின்பக்கத்தில ஒண்டும் எழுதேலாது. உரிச்சால் எழுத்தும் சேந்து வரும். நீங்கள் தாளைப் பதப்படுத்தி வைச்சிருக்கிறியள்” என்று தலையில் கையை வைத்துக்கொள்வார்.

அடையாள அட்டை என்றால் தனி வித்தை. இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிறந்த நாளைச் சொல்லிவிடுவார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016 தொடக்கம் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக நான்கு இலக்கத்தில் வரும், மிச்சக் கணக்கு அதேதான். ஒரு பிள்ளையின் அட்டையில் 1999 561 என்று தொடங்குவதைப் பார்த்து, “பங்குனி முதலாந் திகதி பிறந்தனீ, என்ன?” என்றார். அவள் ஆச்சரியப்பட்டாள். 561இல் 500 போனால் 61. இந்தக் கணக்கில் மாசிக்கு எந்த வருடமும் 29 நாள்தான், ஆகவே பங்குனி முதலாந் திகதி எப்போதும் 61ஆவது நாள். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுத் தன் பேத்திக்குக் கலியாணம் எப்போது சரிவரும் என்று கேட்டாள்.

இந்த நாட்டில் வேலைத்தளத்திலேயே தொழில் பழக்கும் ஏற்பாடு புதிதல்ல. 1971இல் தொழிற் பயிலுநர் சட்டம் வந்தது. 1990இல் வந்த மூன்றாம்நிலை, தொழிற் கல்விச் சட்டம் அந்தப் பொறுப்பை இன்று எல்லோரும் ‘நைட்டா’ என்று சொல்கிற அதிகார சபையிடம் கொடுத்தது. கராஜ்தான் வகுப்பறை, பாஸ்தான் வாத்தியார். இதன் மேல் ஏழு படிகள் கொண்ட என்.வி.கியூ. தகைமை இருக்கிறது. நான்காம் படிவரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். படிக்காமலே தொழில் பழகியவரின் கையைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கவும் ஒரு வழி உண்டு, ஆர்.பி.எல். என்பார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையைப் பரீட்சிக்கிற மேசைக்குப் போவதற்கே, இந்தக் கை இத்தனை வருடம் வேலை செய்தது என்று ஒரு தாள் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் பைல் அண்ணையின் மேதைமை வெளிப்படுவது.

ஒரு மேசன் வந்தார். ஊரில் பாதிச் சுவர் அவருடைய தூக்குக்குண்டு பார்த்தது. சேவைக் கடிதம் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஊழியர் சேமலாப நிதி என்ற சொல்லைக்கூட அவர் தேர்தல் கூட்டத்தில்தான் கேட்டிருக்கிறார். அவர் செய்த வேலையில் பெரும்பகுதி இந்திய வீட்டுத் திட்டத்து வீடுகள். 50,000 வீடுகள் கட்டுகிற அந்தத் திட்டத்தில் 2012 தொடக்கம் வடக்கு, கிழக்கில் வீட்டுக்காரரிடமே காசைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டக் கட்டத் தவணை. கொந்தராத்துக் கம்பனி கிடையாது. ஆகவே கடிதத் தலைப்பும் கிடையாது, முகாமையாளரும் கிடையாது.

அண்ணை சற்று நேரம் மோட்டைப் பார்த்தார். பிறகு மேசனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு ஓர் ஆச்சியின் வீட்டுக்குப் போனார்.

“ஆச்சி, இந்த வீட்டை ஆர் கட்டினது?”

“இவன்தான். வேற ஆர்?”

“அப்ப நீங்கள்தான் இவருக்கு வேலை குடுத்தனீங்கள்.”

“நான் எங்க குடுத்தன்? இந்தியாக்காரன் குடுத்தவன். அதுவும் அத்திவாரம் முடிச்சுக் காட்டினாப் பிறகுதான் மற்றக் காசு.”

“காசு எங்கயிருந்து வந்தாலும் கூலி உங்கட கையாலதானே போனது? நீங்கள்தான் தொழில் வழங்குநர்.”

“எடேய், என்னைக் கோட்டில ஏத்திப்போடாத.”

எழுதினார். அத்திவாரம், கல் கட்டு, லின்ரல், பூச்சு என்று வேலைகளைத் தனித்தனியாக, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்று. வாசித்துக் காட்டியபோது ஆச்சி கவனமாகக் கேட்டார். “எல்லாம் சரி. குசினிச் சுவர் வெடிச்சுக் கிடக்கு எண்டதையும் சேர்.”

“ஆச்சி, இது சேவைக் கடிதம். முறைப்பாடு இல்லை.”

“அப்ப அதை ஆர் வந்து பூசுறது?”

மேசன் வந்து பூசுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பூசுகிற அன்றைக்கே அண்ணை படமும் எடுத்துக்கொண்டார், வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். மேசன் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போலத் தலை வாரிக்கொண்டு கமராவைப் பார்த்து நின்றார். “என்னைப் பாக்காதயும், சுவரைப் பாரும்!” என்று அண்ணை போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த ஆண்டில் அடம்பனில் எழுதப்பட்ட உண்மையான கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

குறை சொல்லாமல் விட்டால் அண்ணைக்கே பிடிக்காது. விளம்பரத்தில் நாலு இணைப்புக் கேட்டால் இவர் பதினாலு வைப்பார். ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டி, இரத்ததானம், மறைக்கல்விப் பரீட்சை என்று, சதோசவில் பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்று நீங்கலாக எல்லாச் சான்றிதழும் உள்ளே போகும். “கேக்காததையும் வைச்சால் கேக்கேக்க இருக்கும்.” அங்கே உறையைத் திறக்கிற எழுதுவினைஞரின் நிலைமையை அவர் யோசிப்பதில்லை. தன் வீட்டுக்கார அக்காவின் நிலைமையையும் யோசிப்பதில்லை. பெட்டகத்துக்குள் ஊர்ச்சனத்தின் கொப்பிகள், சீலைகள் கொடியில். காசு வாங்கமாட்டார் என்பதும் அக்காவின் இன்னொரு முறைப்பாடு. ஒரு பிளேன்ரீ, மிஞ்சினால் விடத்தல்தீவுக் கருவாடு ஒரு பொட்டலம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். போரில் 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்திடம் வந்தபோது ஊரில் சனம் இல்லை. அதற்கு முதலே எல்லோரும் வன்னிக்குள் நகர்ந்துவிட்டார்கள். இடம் இடமாக ஓடி, 2009இல் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் வந்து நின்றபோது பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அண்ணையிடம் இரண்டு சொப்பிங் பை இருந்தது, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே குடும்பத்தின் பத்திரங்கள், பக்கத்து வீட்டுக்காரரின் காணிப் பேமிற்றும் சேர்த்து. மீளக்குடியேறிய பிறகு மற்றவர்கள் நடமாடும் சேவை வரும்வரை காத்திருந்து, வரிசையில் நின்று, தாங்கள் பிறந்ததை மறுபடி நிரூபித்தார்கள். அந்த வரிசையில் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கிய கைதான், இன்னும் ஓயவில்லை.

எனக்கு ஆத்திரம் அண்ணைமேல் இல்லை. பிறப்பைப் பதிந்தது ஒரு திணைக்களம், அட்டை கொடுத்தது ஒரு திணைக்களம், பரீட்சை வைத்தது ஒரு திணைக்களம். மூன்றும் ஒரே அரசாங்கம். ஒன்று கொடுத்த தாளை மற்றது நம்புவதற்கு ஒரு பதினெட்டு வயதுப் பெடியன் கொப்பி எடுத்து, உண்மைப் பிரதி என்று ஒப்பம் வாங்கி, முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. திணைக்களங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நாள் வந்தால் பைல் அண்ணை முழுநேரக் கமக்காரர் ஆகிவிடுவார். அதுவரை அவரை விட்டால் வேறு கதியில்லை.

விண்ணப்பம் போட இருக்கிற பிள்ளைகளுக்கு அவர் சார்பில் இரண்டு வார்த்தை. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் கொப்பி எடுங்கள். மூலப் பத்திரம் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் கையில் கொண்டுபோனால் போதும்.