அரியரைப் பத்திரமாகப் பாதுகாப்பது எப்படி?

பாஸாக வழி சொல்லத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே. இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர் ஒன்றை நாலு செமஸ்டர் கைநழுவாமல் காப்பாற்றிய மணலிக்காரன் நான். கப்பு வைத்திருப்பவன் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் வேலை, மணி நேரத்தை எண்ணுவது. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்களாம். 2008-இல் மால்கம் கிளாட்வெல் அந்த எண்ணைப் புத்தகத்தில் போட்டார். உலகம் அதை மட்டும் பிடித்துக்கொண்டது. எண்ணிக்கை பெரிதில்லை, வராத இடத்தைத் தேடிப்போய் ஒருவர் திருத்தத் திருத்தச் செய்வதுதான் பயிற்சி என்று எரிக்சன் மறுத்தார். அதெல்லாம் நமக்கு வேண்டாம். எம்.எஃப்.எல். சிக்னலில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ் நின்ற முக்கால் மணி நேரமும், மடியில் நோட்டு விரிந்திருந்ததால், என் கணக்கில் படிப்புதான்.

தூங்கவும் கூடாது. மொட்டை மாடியில் உட்கார்ந்து ரிஃபைனரி நெருப்பைப் பாருங்கள். அதுவே விழித்திருக்கிறது, உங்களுக்கென்ன? (அந்த ஆய்வில் நன்றாக வாசித்தவர்கள் நன்றாகத் தூங்கியும் இருக்கிறார்கள், மதியத் தூக்கம் உட்பட. இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

அடுத்தது முக்கியம்: எப்போதும் முதல் யூனிட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். என் நோட்டில் முதல் யூனிட் பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தன. ஃபூரியர் சீரிஸ் பக்கங்கள் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் விடையைப் பார்த்து, "ஆமா, தெரியும்" என்று தலையாட்டிவிட்டு நகருங்கள். மூடி வைத்துப் போட்டுப் பார்த்தால் வம்பு.

கேரம் கிளப் பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள். வடசென்னையில் இது பெரிய தொல்லை. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். வியாசர்பாடி இளவழகி 2008-இல். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 17 வயதில், 2024-இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார். இத்தனை பேரை அனுப்பிய ஊரின் கிளப்பில் சும்மா நின்றாலே ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருக் கிளப்பில் நேர் காயினாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். பவுடர் தூவிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நிமிர்ந்தார்.

"இன்னாடா, போற காயினயே அடிச்சினுகீற? அதான் போவுதே. போவாதத அடி."

ஒரு கறுப்புக் காயினை இடது கட்டையை ஒட்டி வைத்தார். தவறியது. எடுத்து அதே இடத்தில் வைத்தார். "ஸ்ட்ரைக்கர ஒரு நூல் தள்ளி வை." மறுபடி. நாற்பது தடவையாவது இருக்கும். மற்ற காயின்களைத் தொடவே விடவில்லை.

அதே வேகத்தில் நோட்டைக் காட்டினேன். பத்தாவதோடு நின்றவர் அவர். "எங்க புட்டுக்குது, அங்க கோடு போடு" என்றார். ஒட்டியிருந்த ஃபூரியர் பக்கங்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் எல்லாக் கணக்கிலும் ஒரே வரியில் கோடு: காஸ் என் பை (cos nπ). அந்த n ஒற்றைப்படையானால் அது மைனஸ் ஒன்று. நான் நாலு செமஸ்டராகப் பரீட்சையில் பிளஸ் ஒன்று என்றே போட்டிருக்கிறேன். ஒன்பது நாள் அந்த ஒரு படியை மட்டும் போட்டேன், நோட்டை மூடி வைத்து.

பேப்பர் போய்விட்டது. ஐந்தாவது செமஸ்டருக்கு எப்படிக் காப்பாற்றுவது என்று என்னைக் கேட்காதீர்கள், அனுபவம் இல்லை.