ஜருகண்டி வேகத்தில் கண்

கேள்வி: திருமலையில் விடிய விடிய வரிசையில் நின்றேன். சந்நிதியில் இரண்டே விநாடி. 'ஜருகண்டி' என்று நகர்த்திவிட்டார்கள். நான் எதைத்தான் பார்த்திருப்பேன்? (சித்தூர் வாசகர்)

பதில்: கவலை வேண்டாம், நிறையவே பார்த்திருக்கிறீர்கள். கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை இடம்விட்டு இடம் தாவும். கிரீடம், நாமம், மார்பு, பாதம் என்று ஆறேழு இடங்களில் உங்கள் பார்வை நின்று வந்திருக்கும். விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்ப்பது நடுவிலுள்ள சிறு குழி மட்டும்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். நகம் மறைக்கும் இடம்தான் அதன் ராஜ்ஜியம். அதனால்தான் தாவல். அடுத்து எங்கே தாவுவது என்பதை மூளையின் முன்மடலும் நடுமூளையிலுள்ள ஒரு சிறு மேடும் கலந்து முடிவெடுக்கின்றன. தாவும் நேரத்தில் காட்சி கலங்காதிருக்க, மூளை பார்வையையே சற்று அடக்கி வைக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தேவஸ்தான ஊழியரைவிட வேகமான ஜருகண்டிக்காரர் உங்கள் மண்டைக்குள்ளேயே இருக்கிறார்!

வியாழக்கிழமை நேத்திர தரிசனத்துக்குப் போய்ப் பாருங்கள். அன்று நாமம் சிறியது. பெருமாளின் கண்கள் தெரியும். உங்கள் விழி எங்கே தாவும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? எந்த முகத்தைக் கண்டாலும் மனிதக் கண் பெரும்பாலும் கண்ணைத்தான் தேடும்.

கேள்வி: மலைப்பாதை பஸ்ஸில் என் மனைவிக்கு வாந்தி வருகிறது. டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை? (நகரி)

பதில்: வளைவு வருமுன்பே அவர் மூளைக்கு வளைவு தெரியும். உங்கள் மனைவி செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறார் என்று நினைக்கிறேன். கண் 'நிற்கிறோம்' என்கிறது, உட்காது 'திரும்புகிறோம்' என்கிறது. நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. முன்சீட்டில் உட்காரட்டும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும், பார்வை சாலையில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. நேற்றிலிருந்து எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது. கண்ணாடி மாற்றலாமா? (பலமநேர்)

பதில்: கண்ணாடிக் கடை வேண்டாம், இன்றே மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் மூன்றாவது நான்கு தசைகளைப் பார்த்துக்கொள்கிறது. நான்காவதும் ஆறாவதும் ஆளுக்கொன்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆறாவது நரம்புக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாயை அடைத்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாது, ஒன்று இரண்டாகும். இந்த வகை பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். இமை தொங்கி, பாப்பா விரிந்து, தலைவலியும் சேர்ந்தால் மூளை ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது. திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சி.எம்.சி. எதுவும் உங்களுக்குத் தூரமில்லை.

கேள்வி: கண்ணப்பர் இரண்டாவது கண்ணைப் பெயர்க்குமுன் லிங்கத்தின் மேல் காலை வைத்தாரே? (ஸ்ரீகாளஹஸ்தி)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இருந்த ஒரே கண்ணும் போனபின் ரத்தம் வழியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கால் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே மூளை அறியும். கண் காட்டிய இடத்தையும் உடல் காட்டிய இடத்தையும் உச்சிப்பக்கத்து மடல் ஒன்றாக இணைத்துக் கையை அங்கே கொண்டுபோகும். கண்ணப்பர் படித்தவரில்லை, பக்தியிலும் புத்தி வேலை செய்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் முறிந்த எலும்பைக் கட்டுப் போட்டே சேர்க்கிறார்கள். அறுந்த பார்வை நரம்பைச் சேர்க்க முடியாதா? (புத்தூர்)

பதில்: எலும்பு வளர்ந்து கூடிக்கொள்ளும். பார்வை நரம்பின் இழைகளோ சுமார் பத்து லட்சம். அறுந்தால் மறுபடி வளர்வதில்லை. 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். ரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை. கண்தானத்தில் பொருத்தப்படுவது கருவிழி மட்டும்தான். அதற்கு நரம்பைச் சேர்க்கும் வேலை இல்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்துவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் கண்ணாடி போட்டவர்களும்கூடக் கொடுக்கலாம்.