திருகும் மடக்கும்: ட்ரைபாட் கால்பூட்டுகள் குறித்து ஒரு பன்முக ஆய்வு

கேமராவைப் பற்றி நூல்கள் உண்டு. லென்ஸைப் பற்றி அதைவிடத் தடித்த நூல்கள் உண்டு. ஆனால் ட்ரைபாடின் காலை நீட்டிய இடத்தில் நிற்க வைக்கும் பூட்டைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் தேடவும் இல்லை. தேடினால் கிடைத்துவிடும் அபாயம் இருந்தது. இப்படிப் பொத்திப் பாதுகாக்கப்படும் வெற்றிடத்தைத்தான் ‘ஆய்வு இடைவெளி’ என்கிறோம்.

முதல் இயல் வரலாறு. பொருளுக்கு வரலாறு இல்லாவிட்டால் ஊருக்கு இருக்கும், அதை எழுதிவிடலாம். 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவரிடம் கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்று இருந்தது. 1808இல் அதைத் தஞ்சைக் கோயில் கோபுரத்தின் மேலே ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிவிட்டது. லாம்ப்டனே உட்கார்ந்து அதைப் பழுதுபார்த்தார். இதற்கும் ட்ரைபாட் கால்பூட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை. ஆனால் தஞ்சை வராத முதல் இயலில் நெறியாளர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

தொடர்புள்ள வரலாறு ஐரோப்பாவில் இருப்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1917இல் பிரான்சில் தொடங்கிய ஜிட்ஸோ, காலைத் திருகிப் பூட்டும் மரபுக்குப் பெயர்போனது. 1994இல் கார்பன் ஃபைபர் ட்ரைபாடை முதலில் கொண்டுவந்ததும் அதுவே. (அந்தக் கால்களைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினால் எந்த நூற்றாண்டு வரும் என்பதை நண்பர்கள் இருவர் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் கி.மு. என்று சொல்லி முடித்துவிட்டு ஆதாரம் தேடுகிறார்.) இத்தாலியின் பசானோ தெல் கிராப்பாவில் லீனோ மன்ஃப்ரோட்டோ தொடங்கிய நிறுவனத்தின் ட்ரைபாட்களைப் பலரும் அறிந்தது லீவரை மடக்கிப் பூட்டும் கால்களால். உலகெங்கும் இரு தரப்பு அன்பர்களும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1989இல் மன்ஃப்ரோட்டோவையும் 1992இல் ஜிட்ஸோவையும் வாங்கியது, பின்னாளில் விட்டெக் எனப்பட்ட ஒரே பிரிட்டிஷ் குழுமம். சண்டை இரண்டு சந்நிதியில், உண்டியல் ஒன்று.

இனி வகைப்பாடு.

திருகாணிக் குமிழ் வகை: பழைய ட்ரைபாட்களில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தொடையில் குத்தும்.

இன்சுலேஷன் டேப் வகை: பூட்டு உடைந்த பிறகு தோன்றுவது, எல்லா வகைகளும் இறுதியில் சென்று சேரும் இடம்.

மடக்குப்பூட்டு, அதாவது ஃப்ளிப் லாக்: குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அதன் ஓரத்தில் ஒரு லீவர். லீவரின் தலை மையம் விலகிய வட்டம் என்பதால், மடக்கும்போது பட்டையை இழுத்து இறுக்கும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் பூட்டியது என்று அர்த்தம். நாளடைவில் பட்டை தளர்ந்து, சத்தம் மட்டும் கேட்டு, கால் சரியத் தொடங்கும். ஆலன் கீ போட்டு ஒரு சுற்று முடுக்கினால் தீர்ந்தது. அந்த ஆலன் கீ ட்ரைபாட் வாங்கிய அன்று அட்டைப்பெட்டியில் இருந்தது என்பதே அதைப் பற்றி நாம் கடைசியாக அறிவது.

திருகுப்பூட்டு, அதாவது ட்விஸ்ட் லாக்: ரப்பர் வளையத்தைத் திருகினால் உள்ளே மரை நகர்ந்து, சரிவான பிளாஸ்டிக் சிம்பை மெல்லிய குழாயின் மேல் அழுத்தும். துருத்தல் இல்லை, பையில் மாட்டுவதில்லை, விரலைக் கடிப்பதில்லை. மடக்கி வைத்த ஒரு காலின் மூன்று வளையங்களையும் ஒரே கைப்பிடியில் தளர்த்திவிடலாம். ஆனால் பூட்டியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது; நம்ப வேண்டும். பாதி திருகிய வளையம் உடனே காட்டிக்கொடுக்காது. கேமராவை மாட்டி, ஃப்ரேம் வைத்து, விலகி நின்று பெருமையாகப் பார்க்கும்போதுதான் அடிவானம் ஒருபக்கமாக இறங்கத் தொடங்கும்.

ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்த் துண்டுகளைக் கண்டம் என்போம். நான்கு கண்டம் உள்ள காலுக்கு மூன்று பூட்டு, மூன்று காலுக்கு ஒன்பது. ஐந்து கண்டமானால் பன்னிரண்டு. இங்கேதான் இவ்வாய்வின் தலையாய சிக்கல் எழுகிறது: ஒன்பதில் எதை முதலில் திறப்பது?

நூற்பா இல்லாத ஆய்வு அவைக்கு ஆகாது என்பதால் நானே ஒன்று இயற்றி, பழையது என்று வைத்துக்கொள்கிறேன்:

அவிழ்க்குங் காலை அடிப்பூட்டு முந்தும்
முடுக்குங் காலை முடிப்பூட்டு என்ப.

இதன் பொருள் தெளிவு. பழைய ஜிட்ஸோ கால்களில் உள்குழாய் சுழன்றுவிடும். மேல்பூட்டை முதலில் தளர்த்திவிட்டுக் கீழ்ப்பூட்டைத் திருகினால் பூட்டு திறக்காது, குழாயே சேர்ந்து சுற்றும். அதனால் திறக்கும்போது கீழிருந்து மேல், பூட்டும்போது மேலிருந்து கீழ். பொருள் தெளிவாக இருப்பதால் உரைகள் தேவைப்பட்டன. முதல் உரைகாரர் ‘காலை’ என்பதைப் பொழுது என்றார். இரண்டாமவர் ட்ரைபாடின் கால் என்றார். மூன்றாமவர் விடியற்காலை என்று கொண்டு, மாலையில் ட்ரைபாடைத் திறப்பது வழு என்றும், திறந்தே தீர வேண்டுமானால் அது வழுவமைதி என்றும் அருளினார். மூவரும் நானே. (காண்க: என் ‘கால் என்னும் சொல்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை’, வெளிவராதது.)

பின்னர் குழாய் சுழலாதபடி உள்ளே தடுப்பு வைத்த கால்கள் வந்தன. எந்தப் பூட்டை முதலில் திறந்தாலும் திறக்கும். நூற்பா செத்துவிட்டது. ஆனால் உரைகளுக்கு அது தெரியாது. (காண்க: மேற்படி முன்னுரை, இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பு வராமலே திருத்தப்பட்டது, பின்னிணைப்பு 3.)

அப்போது தடித்தகாலார் எழுந்தனர். மேல்கண்டம்தான் பருத்தது, உறுதியானது. ஆகவே முதலில் அதை நீட்டுக, போதாவிட்டால் மட்டும் கீழே உள்ள மெலிந்ததைத் தொடுக என்றனர். சரியான பேச்சு. வேடந்தாங்கலில் நீள லென்ஸோடு காற்றில் நின்றவர்கள் மறுக்கமாட்டார்கள். உடனே மெலிந்தகாலார் எழுந்தனர். மெரினாவில் சூரிய உதயம் எடுக்கப்போய் அலை காலை நனைத்தால், தடித்தகாலாரின் கீழ்ப்பூட்டுகள் மணலுக்குள் இருக்கும். மரையில் மணல் ஏறினால் திருகும்போது நறநறவென்று பல்லைக் கடிக்கும். ஆகவே கரையில் மெலிந்த அடிக்கண்டத்தை முதலில் முழுதாக நீட்டி, பூட்டுகளைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்க என்றனர். இதுவும் சரி. இருவரும் சரியாக இருப்பது ஆய்வுலகத்தில் பெரும் நெருக்கடி. அதைத் தீர்க்க இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கம் தேவைப்படும். கட்டுரையாளர்கள் பதிவுக் கட்டணம் செலுத்தி, தம் கட்டுரையை வாசித்துவிட்டு, அடுத்தவர் வாசிக்கும்போது சான்றிதழ் வாங்கும் வரிசையில் நிற்பார்கள். (காண்க: என் ‘தடித்தகாலாரும் மெலிந்தகாலாரும்: சமரசத்துக்கு எதிராக’, தொகுதி 4, தொகுதிகள் 1 முதல் 3 வரை எழுதப்படமாட்டா, பக்கம் 212, அடிக்குறிப்பு 17, அதன் ஓரத்தில் பென்சிலில் எழுதி அழித்த வரி, அழித்தது வேறொருவர் என்று ஐயம்.)

கடற்கரைக்குப் போய்வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி எந்த மரபும் வாய் திறக்கவில்லை. திருகுப்பூட்டைக் கழற்றி, சிம்புகளை எடுத்து, நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவி, காயவைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. கோட்பாட்டாளர்கள் கை அழுக்காகும் இடம் என்பதால் இது ‘நடைமுறைக் கூறுகள்’ என்ற தலைப்பில் இரண்டே வரியாக முடிந்துவிடும், முடிந்துவிட்டது.

கள ஆய்வு. நூறு பேரிடம் வினாநிரல் கொடுப்பது வழக்கம். நான் ஒருவரிடம் கொடுத்தேன். கல்யாண வீடியோ எடுப்பவர். கையில் ஃப்ளிப் லாக் ட்ரைபாட். “தங்கள் தேர்வைத் தீர்மானித்த சமூகப் பண்பாட்டுக் காரணிகள் யாவை?” என்பது முதல் வினா.

“சார், தாலி கட்டுற நேரத்துல உக்காந்து திருகிட்டிருக்க முடியுமா? இது பட்டு பட்டுன்னு மடக்கிட்டுப் போய்ட்டே இருக்கலாம். லீவர் மூடியிருக்கான்னு மேடையில இருந்தே தெரியும். சின்னப் பசங்க ஓடி வந்து இடிக்கிற இடம் சார் இது.”

“அப்படியானால் திருகுப்பூட்டு தேவையற்றது என்கிறீர்களா?”

“யார் சொன்னா? கொல்லிமலைக்குப் போறப்ப தம்பியோட ட்விஸ்ட்டத்தான் எடுத்துட்டுப் போவேன். பையில சொருகுனா எதுலயும் மாட்டாது.”

வினாநிரலின் பின்பக்கத்தில் வேன் வாடகைக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூட்டல் சரியாக இருந்தது. அது பின்னிணைப்பில் ‘தரவு 1’ என இடம்பெறுகிறது. அவர் சொன்ன விடை, எந்தத் தரப்பையும் முழுதாக ஆதரிக்காததால், ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது.

ரப்பர் பாதமா, ஆணிப் பாதமா என்பது மேலாய்வுக்கு உரியது. நல்கை கிடைத்ததும் தொடங்கும்.

வாய்மொழித் தேர்வு இனிதே நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். புறத்தேர்வாளர் ஒரு கேள்வி கேட்பார்: சாயங்கால ரயில் எத்தனை மணிக்கு? பிறகு பொன்னாடைகள், பிறகு குழுப்படம். அதை நெறியாளரின் கார் ஓட்டுநர் செல்பேசியில் எடுப்பார், ட்ரைபாட் தேவைப்படாது.