நகைப்பெட்டியை லாரியில் ஏற்றலாமா?

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து உபுண்டுவுக்கு மாறப் போகிறேன். பதினைந்து வருடக் குடும்பப் படங்கள் கணினியில் இருக்கின்றன. பத்திரமாக மாற்றுவது எப்படி?

பதில்: வீடு மாறும்போது சாமான்கள் லாரியில் வரும்; நகைப்பெட்டி மட்டும் அம்மா மடியில்தான் வரும். உங்கள் படங்களும் அப்படியே வரட்டும். உபுண்டுவை நிறுவும்போது, வட்டை முழுக்க அழித்துவிட்டு நிறுவலாமா என்று கேட்கும். சம்மதித்தால் அதில் இருந்தது அத்தனையும் போச்சு!

அதனால் முதலில் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். 'கட்' கூடவே கூடாது, 'காப்பி' மட்டும். பாதியில் கரண்ட் போனாலும் பழைய இடத்தில் படங்கள் இருக்கும். அந்த டிஸ்க் காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள். விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கும். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபியை எட்டும் கோப்பை ஏற்காது; கல்யாண வீடியோ முகூர்த்தத்துக்கே வராமல் வாசலில் நின்றுவிடும்.

நகலில் கோப்புத் தேதி மாறியிருந்தால் பதற வேண்டாம். கேமரா பதிந்த தேதி, எக்ஸிஃப் குறிப்பாகப் படத்துக்குள்ளேயே இருக்கும்.

படங்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். இருபது படங்களையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள். இன்னொரு நகல் எடுத்துத் தங்கை வீட்டில் கொடுத்துவையுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். நிறுவும் நேரத்தில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.