பெற்றோல் மாமா

லண்டன் தமிழர் கூடும் இடமெங்கும் ஒரு பெற்றோல் மாமா இருப்பார். கல்யாண மண்டபமோ, செத்தவீடோ, ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேரோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். “எந்தப் பக்கத்தால வந்தனீர்?” என்பார். அக்கறையில் கேட்கிறார் என்று பதில் சொன்னால் அகப்பட்டோம். “அப்ப அந்த ரவுண்டபௌட் செட்டில இண்டைக்கு என்ன விலை?” கவனிக்கவில்லை என்றால் ஒரு பார்வை பார்ப்பார். பிள்ளையின் வயது தெரியாத தகப்பனைக்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

மனுசனுக்கு விசயம் தெரியாமல் இல்லை. லீற்றருக்கு இத்தனை பென்ஸ் என்று எரிபொருள் வரி, அந்த வரியையும் சேர்த்த தொகைக்கு மேலே 20 வீதம் வற். “வரிக்கும் வரி!” என்று பந்தியில் சத்தமாகவே சொல்வார். 2022 யூலையில் பெற்றோல் 190 பென்ஸுக்கு மேலே நின்றதை வீட்டில் ஒரு இழவு நடந்ததுபோலத்தான் இன்றைக்கும் நினைவுகூருவார். அதே ஆண்டு மார்ச்சில் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் வரியில் 5 பென்ஸ் குறைத்துவிட்டு, சூப்பர்மார்க்கெட் ஊழியர் ஒருவரின் சிவப்புக் கியா காருக்குப் பெற்றோல் அடித்துப் படமெடுத்துக்கொண்டார். ஊரெல்லாம் ‘கார் இரவலாம்’ என்று சிரித்தது. மாமாவின் கவலை வேறு: “இரவல் காருக்கு ஆராவது சொந்தக் காசில அடிப்பினமோ?”

பம்படியில் மாமா நிற்கும் அழகே தனி. 30 பவுணுக்கு என்று முடிவெடுத்து, 29.90 வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக அமத்துவார். 30.01 விழுந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முடிந்தபிறகு குழாயை உயர்த்தி, உதறி, திரும்பவும் உதறி... பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்தால், “காசு குடுத்த பெற்றோல் தம்பி.”

2 பென்ஸ் குறைவென்று கேள்விப்பட்டால் ஹரோவிலிருந்து வற்போர்ட்டுக்கும் போவார். 40 லீற்றருக்கு மிச்சம் 80 பென்ஸ். போய்வரவே ஒரு லீற்றருக்கு மேல் எரியும். கேட்டால், “அது வேற கணக்கு.” விடியற்காலைக் குளிரில் பெற்றோல் கனமாக இருக்கும், லீற்றருக்குக் கூடக் கிடைக்கும் என்பதும் அவர் கொள்கை. தாங்கி நிலத்துக்குக் கீழே கிடக்கிறது, அதற்கு விடியலுமில்லை இரவுமில்லை.

ஆனால் அவர் சரியாகச் சொல்லும் புத்திமதியைத்தான் ஒருவரும் காதில் போடுவதில்லை. கூரைப் பெட்டியைக் கழற்று. வேகம் கூடக் கூடக் காற்றைக் கிழிக்கவே பெற்றோல் போகும், பதறாமல் ஓடு. சிவப்பு விளக்குக்குப் பறந்து போய் பிறேக்கை மிதிக்காதே. தானும் அப்படித்தான் ஓடுவார். எம்25இல் லொறிக்குப் பின்னால் லொறியாகவே போவார். “இஞ்சருங்கோ, கிழவி ஒண்டு முந்திக்கொண்டு போகுது” என்பார் மாமி. “போகட்டுமப்பா, அவவுக்குக் காசு கூடிப்போச்சு.”

இத்தனைக்கும் மாமியின் தம்பி சொந்தமாகவே ஒரு பெற்றோல் செட் வைத்திருக்கிறார். சூப்பர்மார்க்கெட்டைவிட 3 பென்ஸ் கூட என்பதால் மாமா அங்கே ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் மாதம் தவறாமல் போவார். மற்ற இடங்களில் டயருக்குக் காற்றடிக்கவும் காசு, மச்சானின் செட்டில் சும்மா. நாலு டயருக்கும் அடித்து, உள்ளே போய் ஒரு தேத்தண்ணியும் குடிப்பார்.

“அத்தான், ஒருக்காலாவது இஞ்ச பெற்றோலும் அடியுங்கோவன்.”

“விலைய இறக்கும், வாறன். ஆனா உம்மட காத்தைப்போல ஒரு இடமும் வராது.”